முக்காற்புள்ளி

இருபத்து மூன்று, இருபத்து நாலு, இருபத்து நாலு, இருபத்தைந்து. மறுபடியும் மேலிருந்து வருகிறேன். திரைமேல் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டு வருகிறேன், நாற்பது வயதில், இரண்டு பட்டம் வாங்கிய பொம்பளை. இருபத்து நாலில் விரல் நிற்கிறது. ஒரு வரி இறக்கினால் இன்னொரு இருபத்து நாலு. மணி பதினொன்று இருபது. பன்னிரண்டரைக்குள் பட்டியல் செயலாளர் நாச்சிமுத்து சாருக்குப் போயாக வேண்டும், ஒரு மணிக்குக் கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்டியாக வேண்டும், இணையத்திலும் போட்டாக வேண்டும். பட்டியலில் இருபத்து நாலு பெயர்தான் இருக்க முடியும், ஏனென்றால் இந்த வருடம் வந்திருக்கிற கருவி இருபத்து நாலுதான். காது கேளாத குழந்தைக்கு உள்காதில் வைக்கிற கருவி. ஐந்து வயது முடிவதற்குள் வைத்தால் பேச்சு வரும் என்று எங்கள் டாக்டர்கள் சொல்கிறார்கள், அதனால் ஐந்து வயது தாண்டிய பிள்ளையின் விண்ணப்பத்தை எங்கள் அறக்கட்டளை வாங்காது. ஆபரேஷனுக்குத் தகுதியானவர்கள் என்று சீட்டுக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் மட்டும் அறுநூறுக்கு மேல். அறுநூறு பேரில் யாருக்கு என்றால், யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு. போன வருடம் வரைக்கும் ஈரோட்டுக்கு வந்து எங்கள் வாசலில் நின்று கேட்டார்கள், இரண்டு நாள் படுத்துக் கிடந்தார்கள், தள்ளுமுள்ளில் ஒரு அம்மாவுக்குக் கை முறிந்தது. இனிமேல் ஈமெயில்தான் என்று கமிட்டியில் முடிவெடுத்தார்கள். காலை பத்து மணிக்குத் திறப்போம், வருகிற மெயிலுக்கு வந்த வரிசையில் எண் தானாக விழும், வந்த நேரமும் கூடவே விழும், மனிதக் கை படாது. மனிதக் கை படாது என்று மைக்கில் சொன்னது நாச்சிமுத்து சார். சொல்லச் சொல்லி எழுதிக் கொடுத்தவள் நான், கலாமணி, இந்த ஆபீசின் கணினிப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான்.

தப்பு எங்கே என்று தேட வேண்டியதில்லை, அதுதான் இதில் பெரிய கொடுமை. தேடுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். எதிர் மேசை ஸ்டெல்லா பார்த்தால் கலாமணி ஏதோ வேலையாக இருக்கிறாள் என்றுதான் நினைப்பாள். எண் போடுகிற ஸ்கிரிப்ட் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்கிறோமே தவிர அது நாற்பது வரி. மெயில் வந்து விழுந்ததும் அது எழுந்துகொள்ளும். ஒரு சின்னக் கோப்பைத் திறந்து கடைசியாகக் கொடுத்த எண் என்ன என்று பார்க்கும், ஒன்றைக் கூட்டும், புது எண்ணைக் கோப்பில் எழுதும், மெயிலின் தலைப்பில் அந்த எண்ணையும் மணி நிமிட நொடியையும் குத்தும், அனுப்பியவருக்கு உங்கள் வரிசை எண் இது என்று பதில் போடும். டோக்கன் கொடுக்கிற ஆள் செய்கிற வேலைதான். ஆனால் டோக்கன் கொடுக்கிற ஆள் ஒருத்தன், இது அப்படியல்ல. இரண்டு மெயில் ஒன்றாக வந்தால் இரண்டு ஆளாகிவிடும், மூன்று வந்தால் மூன்று. இரண்டு ஆளும் ஒரே சமயத்தில் கோப்பைப் பார்த்தால் இரண்டு பேர் கண்ணுக்கும் இருபத்து மூன்றுதான் தெரியும், இரண்டு பேரும் ஒன்றைக் கூட்டி இருபத்து நாலு என்று கொடுத்துவிடுவார்கள். அப்படி ஆகாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. முதலில் உள்ளே போனவன் கதவைச் சாத்திக்கொள்வான், அவன் வெளியே வருகிறவரை அடுத்தவன் காத்திருப்பான். எங்கள் இரண்டாம் மாடி லேடீஸ் டாய்லெட்டில் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு காலை நீட்டிக் கதவை மிதித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும், யாராவது வந்தால் இரும வேண்டும். எட்டு மாதமாக எழுதிக் கொடுக்கிறேன், தாழ்ப்பாள் வரவில்லை. ஸ்கிரிப்டில் தாழ்ப்பாள் போடுவது அதைவிடச் சுலபம். எண் கொடுக்கிற அந்தப் பத்தியின் முதல் வரியில் ஒரு பூஜ்யம் இருக்கும், அதற்கு அப்புறம் ஒரு முக்காற்புள்ளி வைத்தால் போதும். மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. அது இருந்தால் பூட்டு, இல்லாவிட்டால் திறந்த வீடு. பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி, பின்னால் ஒரு முக்காற்புள்ளி இருக்க வேண்டும். இப்போது என் கண்ணுக்கு முன்னால் முன்னது இருக்கிறது, பின்னது இல்லை.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறதி மனுஷருக்கு வரும், மன்னிப்பார்கள், இனிமேல் கவனமாக இருங்க கலாமணி என்பார்கள். ஆனால் நான் மறக்கவில்லை. நான்தான் வைத்தேன், நான்தான் அழித்தேன். செவ்வாய்க்கிழமை ஒத்திகை, கமிட்டிக்காரர்கள் ஆறு பேர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள், அதில் ஒருவர் போட்டிருந்த செண்ட் வாசனை இன்னும் இந்த அறையைவிட்டுப் போகவில்லை. எல்லோரும் அவரவர் போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பினார்கள். ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். என்னம்மா வரலை என்றார் ஒருவர். வரும் சார் என்றேன். காலையில் நான் பரிசோதித்தபோது பாதியில் நின்ற ஒரு பூட்டு திறக்காமலே கிடந்திருக்கிறது, உள்ளே ஆளே இல்லாமல் கதவு சாத்திக் கிடக்கிறது, வெளியே ஆறு மெயிலும் காத்துக்கொண்டு நிற்கின்றன. பழைய பூட்டை அழித்தால் போதும், அதற்கு ஒரே ஒரு கட்டளை, அது என் விரல் நுனியில் எப்போதும் இருக்கும். அன்றைக்கு ஆறு பேர் மூச்சுக் கழுத்தில் படுகிறது, அந்தக் கட்டளை வரவில்லை. நாச்சிமுத்து சார் திட்டவே மாட்டார், அதுதான் அவரிடம் பயம், பரவாயில்லீங்க நம்ம பழையபடி வாசல்லயே வரிசை நிக்க வச்சுக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். கை தானாகப் போய் அந்த முக்காற்புள்ளியை அழித்தது. ஆறு மெயிலும் தடதடவென்று வந்து விழுந்தன. எண், நேரம், பதில், எல்லாம். கைதட்டினார்கள். செண்ட் போட்டவர் என் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் போட்டோ எடுத்தார். சாயங்காலம் திரும்ப வைத்திருக்கலாம், புதன் முழுக்க இருந்தது, வியாழன் இருந்தது. வைக்கப் போவேன், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பூட்டு மறுபடி சிக்கிக்கொண்டால் என்று தோன்றும், எடுத்துவிடுவேன். ஒரே நொடியில், அதுவும் முதல் இருபத்து நாலுக்குள், ரெண்டு மெயில் ஒன்றாக வந்து இடிக்குமா என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுபத்தொன்று இரண்டு தடவை விழுந்திருக்கிறது. நூற்று முப்பது மூன்று தடவை. அதெல்லாம் யாருக்கும் வேண்டாத எண்கள், அங்கே இடித்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா.

போன் அடிக்கிறது. பவானி நம்பர். காலையிலிருந்து நாலாவது தடவை. ஸ்டெல்லா எடுக்கப் போனாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எடுக்காமல் இருக்கிறேன். யார் என்று தெரியும், விண்ணப்பத்தில் அந்த நம்பர் இருக்கிறது. தங்கமணி, ஊர் பவானி, பனியன் கம்பெனியில் தையல், கணவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு. மகன் விசாகன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஐந்து முடிகிறது. அது ஒரு இருபத்து நாலு. இன்னொரு இருபத்து நாலு கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் யாழ்மொழி, மார்ச் இரண்டாம் தேதி ஐந்து முடிகிறது. இரண்டில் எந்தப் பிள்ளைக்கும் அடுத்த வருடம் என்பது கிடையாது. ஒன்றுக்காவது மூன்று வயது என்று இருந்திருந்தால் நான் இந்நேரம் எழுந்து தண்ணீர் குடித்திருப்பேன். காது கேட்காத பிள்ளைக்கு யாழ்மொழி என்று பெயர், பெயர் வைத்த அன்றைக்கு யாருக்குத் தெரியும். பத்தேகாலுக்கெல்லாம் அதன் அப்பா மாடி ஏறி வந்துவிட்டார், சின்னராசு, காங்கயத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் மில்லில் வேலை. எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள் என்று கேட்டேன். நான் வரலீங்க, இங்கதான இருந்தேன் என்றார். விடிகாலை பஸ்ஸில் வந்து, எங்கள் காம்பவுண்டு சுவரை ஒட்டி நின்றுகொண்டு, பத்து மணி ஆனதும் போனில் அனுப்பியிருக்கிறார். ஆபீஸ் பக்கத்தில் நின்று அனுப்பினால் சீக்கிரம் வந்து சேரும் என்று நினைத்திருக்கிறார். அவருடைய மெயில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி எங்கெங்கோ கடல் தாண்டிப் போய்த் திரும்பி இந்தப் பக்கம் வந்து விழுந்தது என்று எப்படிச் சொல்ல. சிரிப்பு வந்தது, அப்போது எனக்கு இன்னும் எதுவும் தெரியாது, சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். இருபத்தி நாலுன்னா உண்டுதானுங்களே மேடம் என்று கேட்டார். லிஸ்ட் ஒரு மணிக்கு ஒட்டுவாங்க, உட்காருங்க என்றேன். பிள்ளை அப்பாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தது. நான் கையைத் தட்டினேன், திரும்பவில்லை. எதற்குத் தட்டினேன், எதற்கு அந்தப் பிள்ளையைச் சோதித்தேன், டாக்டர்கள் சோதித்தது போதாதா.

சரி, யார் முதலில் என்று கண்டுபிடித்துவிட்டால் பிரச்சினை இல்லை. உண்மையாகவே யாரோ ஒருத்தர் முதலில்தான் வந்திருப்பார்கள், நொடியை நூறாக உடைத்தால் ஒருவர் முன்னே ஒருவர் பின்னேதான் இருக்க முடியும். ஆனால் நான் குத்தச் சொன்ன முத்திரையில் நொடி வரைக்கும்தான் இருக்கிறது, பத்து மணி பூஜ்யம் நிமிடம் ஏழு நொடி, இரண்டிலும் ஏழு. நொடிக்குக் கீழே எதற்கு, ராக்கெட்டா விடுகிறோம் என்று நானே சொன்னேன். சர்வர் எழுதுகிற பதிவேட்டைப் பார்க்கிறேன். அதையும் லாக் என்கிறோம், பூட்டையும் லாக் என்கிறோம், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், ஒன்று இருக்கிறது ஒன்று இல்லை. பதிவேட்டில் விசாகன் வரி மேலே, யாழ்மொழி வரி கீழே. அப்பாடா என்று வருகிறது, உடனே போய்விடுகிறது, ஏனென்றால் அந்த வரி மெயில் உள்ளே வந்தபோது எழுதப்படுவதில்லை, முழுசாக இறங்கி முடித்தபோது எழுதப்படுகிறது. சின்னராசு பிள்ளையின் போட்டோவைப் போனில் எடுத்தபடியே அனுப்பியிருக்கிறார், கனமான மெயில், இறங்க நேரம் பிடிக்கும். முன்னாலேயே வந்து கால் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். அனுப்பியவர்கள் பக்கத்து நேரத்தைப் பார்க்கிறேன். சின்னராசுவின் போனில் சரியாகப் பத்து மணி ஒரு நொடி. தங்கமணி பிரௌசிங் சென்டரிலிருந்து அனுப்பியிருக்கிறார், அந்தக் கணினிக்கு மணி ஒன்பது ஐம்பத்தாறு. பத்துக்கு முன்னால் அனுப்பியவை தள்ளுபடி என்று விதி. இதைக் காட்டி விசாகனைத் தூக்கிவிடலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது, காகிதத்தில் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியுமே, அந்தக் கடிகாரம் நாலு நிமிடம் பின்னால் ஓடுகிறது, அவ்வளவுதான், பேட்டரி போன கணினி, ஊரில் பாதி பிரௌசிங் சென்டரில் அப்படித்தான். காகிதத்தில் இருக்கிறது என்பதற்காக. சின்ன வயதில், எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வரும் நாட்களில் விடியலிலேயே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்துவிடுவோம், ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும். எனக்கு ஒன்பது வயது. ஒரு நாள் யாரும் இல்லாதபோது எங்கள் பச்சைக் குடத்தை ஒரு குடத்துக்கு முன்னால் நகர்த்தி வைத்தேன். ஒரே ஒரு குடம்தான். அன்றைக்கு லாரித் தண்ணீர் எங்கள் குடத்தோடு முடிந்தது. பின்னால் நின்றது வள்ளியக்கா, வயிற்றில் ஏழு மாதம், வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கும் மனிதக் கை படவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பன்னிரண்டு. போனை எடுத்து நாச்சிமுத்து சாரைக் கூப்பிடுகிறேன். எடுத்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், சார் நான் செவ்வாய்க்கிழமை பூட்டை எடுத்துட்டேன், பயந்துட்டு எடுத்துட்டேன். வாய் திறந்தபோது வந்தது வேறு. டெக்னிக்கல் ஃபால்ட்டுங்க சார், ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் விழுந்துருச்சுங்க என்கிறேன். எத்தனை வருடமாக இந்த வார்த்தையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், யாருமே அதற்கு மேல் கேட்டதில்லை. அவரும் கேட்கவில்லை. காரில் போய்க்கொண்டிருந்தார், ஹாரன் சத்தம் கேட்டது. இருபத்தைந்தாவது ஒரு கருவி எங்கேயாவது கேட்க முடியுமா என்றேன், கெஞ்சினேன் என்றே சொல்லலாம். இருபத்து நாலுதான் இறங்கியிருக்கிறது, அதற்கு மேல் ஒன்று இல்லை என்றார். பிறகு சாவகாசமாக, அதுக்குத்தான் ஒம்பதாவது விதி இருக்குதுங்களே, ஒரே நேரத்துல வந்தா அகர வரிசைப்படி போடோணும், போட்டு அனுப்பிச்சுருங்க, நான் ஒரு மணி வரைக்கும் மீட்டிங்குல இருப்பேன் என்று சொல்லி வைத்துவிட்டார். ஒன்பதாவது விதி. நானே தட்டச்சு செய்த விதி, மறந்தே போனேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விதி இருக்கிறது, நான் முடிவு பண்ண வேண்டியதில்லை, பெயர் வைத்தவர்கள் எப்போதோ முடிவு பண்ணிவிட்டார்கள். பட்டியலைத் திறந்து பெயர்வாரியாக அடுக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்துகிறேன். விசாகன் மேலே, யாழ்மொழி கீழே. சரி, விசாகன். விசாகன் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். சொல்லும்போதே இடிக்கிறது. அது இங்கிலீஷில் அடுக்கியிருக்கிறது. இங்கிலீஷில் வி முன்னால், ஒய் கடைசிக்கு முன்னால். விதி தமிழில் இருக்கிறது, அகர வரிசை என்று இருக்கிறது. ய, ர, ல, வ. மூன்றாம் வகுப்பில் கைகட்டி நின்று சொன்னது, ய ர ல வ ழ ள. தமிழில் யாழ்மொழி முன்னால். விண்ணப்பத்தில் பெயர் இரண்டு மொழியிலும் கேட்டிருக்கிறோம், இரண்டு பேரும் இரண்டு மொழியிலும் நிரப்பியிருக்கிறார்கள். இத்தனை வருடமாக இந்த ஆபீசில் எந்தப் பட்டியலையும் தமிழில் அடுக்கியது கிடையாது, கம்ப்யூட்டர் எப்படி அடுக்குகிறதோ அப்படியே அச்செடுப்போம். அகர வரிசை என்றால் அகரம் தமிழ் எழுத்துதானே. ஆனால் அதைத் தட்டச்சு செய்தபோது என் மனதில் இருந்தது ஏ பி சி டி. மறுபடி போன் போடுகிறேன், ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போடுகிறேன்.

பன்னிரண்டு பதினெட்டு. இதை நான் முடிவு பண்ணக் கூடாது, என்னை யாரும் கேட்கக் கூடாது, நான் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். ஸ்டெல்லாவிடம் ஒன்று இரண்டு ஏதாவது ஒரு எண் சொல்லு என்று கேட்கலாம், எதற்கு என்று கேட்பாள். திருவுளச்சீட்டுப் போடலாம், இரண்டு துண்டுக் காகிதம், யார் எடுப்பது, நான்தான் எடுக்க வேண்டும், பிடிக்காத பெயர் வந்தால் இன்னொரு தடவை போடுவேன், எனக்கு என்னைத் தெரியும். பிடிக்காத பெயர் என்று ஒன்று இருக்கிறதா என்ன. இருக்கிறது. விசாகன் வந்தால் நான் இந்தப் படிக்கட்டில் இறங்கிப் போய், சட்டைப் பையில் பேனா வைத்து விளையாடுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் குனிந்து, சின்னராசுவிடம் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். யாழ்மொழி வந்தால் போனில் சொன்னால் போதும். அவ்வளவுதான் காரணம். தமிழா இங்கிலீஷா என்பதெல்லாம் அப்புறம், நான் பார்த்த பிள்ளை, பார்க்காத பிள்ளை, அவ்வளவுதான். சீ என்று இருக்கிறது. இருந்தும் கை பட்டியலில் போய் விசாகன் வரியைப் பிடிக்கிறது, அழிக்கிறது, யாழ்மொழிக்கு எதிரே அகர வரிசைப்படி, விதி ஒன்பது என்று எழுதுகிறது. எவ்வளவு அழகாக இருக்கிறது எழுதியதும். எடுத்துப் பார்க்கிறவர்கள் தமிழுணர்வு என்றுகூடச் சொல்வார்கள். பன்னிரண்டு இருபத்தொன்பதுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு ஸ்கிரிப்டைத் திறந்து முக்காற்புள்ளியைத் திரும்ப வைத்தேன். அது எதற்கு இப்போது, யாருக்கு.

பவானி நம்பர். ஐந்தாவது தடவை. எடுக்காமல் விட்டால் ஒரு மணிக்கு அவரே இணையத்தில் பார்த்துக்கொள்வார், பார்த்துவிட்டு மறுபடி கூப்பிடுவார், அதற்குள் நான் சாப்பிடப் போயிருக்கலாம், ஸ்டெல்லா எடுத்து டெக்னிக்கல் ஃபால்ட் என்று சொல்லிக்கொள்வாள். எடுத்துவிட்டேன். தங்கமணிங்க என்றார், மூச்சு வாங்குகிற குரல், சின்ன வயசுக் குரல், இருபத்தைந்துகூட இருக்காது. இன்றைக்கு லீவு சொல்லிவிட்டாராம். என்றைக்கு வரச் சொல்வார்கள், ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும், கம்பெனியில் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதற்குத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், தொந்தரவாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசிக்கொண்டு போனார். "நம்பர் வந்ததும் இவனுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க மேடம். காதத் தொட்டுக் காட்டிட்டு, ஒரு கையில ரெண்டு வெரலு, ஒரு கையில நாலு வெரலு காட்டுனேன். என்ன புரிஞ்சுதோ, அப்பப் புடிச்சு வாசல்ல போறவங்க வாறவங்களுக்கெல்லாம் காதத் தொட்டுத் தொட்டு ரெண்டும் நாலும் காட்டிட்டே இருக்கறானுங்க."

டெக்னிக்கல் ஃபால்ட் என்ற வார்த்தை நாக்கில் வந்து நிற்கிறது. அதை விழுங்கிவிட்டுச் சொல்கிறேன், இருபத்து நாலு இரண்டு பேருக்கு விழுந்துவிட்டது, இன்னொரு பிள்ளைக்குப் போய்விட்டது, பட்டியலை அனுப்பிவிட்டேன் என்று. அந்தப் பக்கம் தையல் மிஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்து வீடாக இருக்கும், அது நிற்கவில்லை. "நான் லேட்டா அனுப்பிப்போட்டனுங்களா மேடம்? வேகமாத்தானுங்க அமுக்குனேன்."

"நீங்க லேட்டு இல்லீங்கம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் பண்ணுன தப்புங்க. தெரிஞ்சே பண்ணுனேன்."

என்ன தப்பு என்று கேட்பார், பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், முக்காற்புள்ளியை எப்படி விளக்குவது என்று மனம் வார்த்தை தேடுகிறது. கேட்கவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும், திட்டுங்கம்மா என்று சொல்லிவிடுவேன் போல இருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு பிள்ளை வார்த்தையில்லாமல் ஆ, ஆ என்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடுவது கேட்கிறது, சந்தோஷமான சத்தம், கிட்டே வருகிறது, திரும்ப ஓடுகிறது. செரிங்க என்றார் தங்கமணி, யாருக்கோ சொல்கிற மாதிரி. பிறகு என்னிடம் கேட்டார், நிஜமாகவே எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்கிற குரலில்.

"இப்ப அது இல்லைன்னு கையில எப்படிங்க காட்டறது?"

போனைக் காதில் வைத்தபடி என் இடது கையைத் தூக்கிப் பார்க்கிறேன். இரண்டு விரலை நீட்டுகிறேன், மடக்குகிறேன். மறுபடி நீட்டுகிறேன். ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தங்கமணி இன்னும் லைனில்தான் இருக்கிறார்.